கட்டிலை எண்ணிவிட்டுச் சேர்



பெயரைப் போட வேண்டாம் என்று உன் கடிதத்தில் கேட்டிருந்தாய், ஊரையும் விட்டுவிட்டேன். நீட் கைகொடுக்கவில்லை. அப்பா ஜி.என்.எம். போதும் என்கிறார், உனக்கு பி.எஸ்ஸி. நர்சிங் ஆசை, மாமாவுக்கோ உன்னை ஃபாரினுக்கு ஏற்றிவிட வேண்டும். எது நல்லது என்று கேட்கிறாய்.

ஜி.என்.எம். என்பது டிப்ளமா, மூன்று வருடம். பி.எஸ்ஸி. பட்டம், நான்கு. எதைப் படித்தாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் இரண்டு பேருக்கும் அதே நைட் டூட்டிதான். பின்னால் எம்.எஸ்ஸி., கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை என்று போகும்போது பட்டம் கேட்பார்கள், ஜி.என்.எம். முடித்தவர் அதற்காக போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. இரண்டு வருடம் படிக்க வேண்டும். வீட்டில் சமாளிக்க முடியுமென்றால் பி.எஸ்ஸி.க்கே போ. இங்கே அரசுக் கல்லூரி இடத்துக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. நீட்டை மறந்துவிடு.

ஆனால் நீ கேட்காமல் விட்ட கேள்விதான் பெரிது. அந்தக் கல்லூரிக்கு ஆஸ்பத்திரி எது?

என் வார்டுக்கு ஒரு பெண் புதிதாக வந்தாள். நல்ல மார்க். 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். சலைன் ஏற்றும் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் பத்தாயிரம் சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு 42 என்று பட்டென்று சொல்லிவிட்டாள். சொன்னவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் சொட்டிலுமாக நின்று, ரெகுலேட்டர் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக உருட்ட வேண்டும். அவள் அதைப் படுத்திருக்கும் ஆளுக்குச் செய்ததே இல்லை. நோயாளியின் மனைவி வேறு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டீ குடிக்கும்போது சொன்னாள்: அவள் படித்த இடத்தில் பாதிக் கட்டில் காலி, இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் ஆட்களைக் கொண்டுவந்து படுக்கவைப்பார்களாம். பிரசவக் கேஸ் புத்தகத்தை சீனியரிடம் வாங்கி அப்படியே எழுதியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபீஸ் கட்டியது அவள் அப்பாதானே. சொட்டு எண்ணக் கற்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிரசவ அறைக்குள் பயமில்லாமல் நிற்க ஒரு வருடம்.

அரசு வேலை என்றால் எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு. தேறியதும் முழுச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளாதே. 2015-இல் அப்படிச் சேர்ந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, 2017-இல் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தனியாரில் வேறு தொல்லை. நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். திரும்ப வாங்க என் அப்பா ஆறு தடவை பஸ் ஏறினார். நகல் கொடு, ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள்.

மாமாவிடம் சொல்: ஃபாரின் போகலாம்தான், ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பரீட்சை இருக்கிறது. அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ்., வளைகுடாவில் பல இடங்களுக்கு ப்ரோமெட்ரிக். ஜெர்மனிக்கு முதலில் ஜெர்மன் படிக்க வேண்டும். ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுக்கும் முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கட்டும்.

கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு வேலை செய். உன் பட்டியலில் இருக்கும் கல்லூரிகளின் ஆஸ்பத்திரிக்கு, பார்வையாளர் நேரத்தில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. மெடிக்கல் வார்டு, பிரசவ வார்டு வாசல்களில் கொஞ்ச நேரம் நில். எத்தனை கட்டில், அதில் எத்தனையில் ஆள், சீருடைப் பிள்ளைகள் நோயாளி பக்கத்தில் நிற்கிறார்களா, சுவரோரம் நிற்கிறார்களா என்று பார். பார்த்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
ஒரு பழைய ஸ்டாஃப் நர்ஸ்