கரை இறங்கியோர்

கரீபியக் கடலில் உலாவரும் பெருங்கப்பலை மிதக்கும் நகரம் எனலாம். உணவுக்கூடம், நாடக அரங்கு, நீச்சற்குளம் யாவும் அதனுள் உண்டு. ஆயினும், இரண்டொரு நாள் சென்றதும் எல்லோருடைய கண்களும் கரையையே தேடும்.

ஒருநாட் காலை, கப்பல் கிரெனடாத் தீவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸை அடைகிறது. கப்பலார் நடத்தும் சுற்றுலாவிற் சேராமல் சிலர் தாமாகவே நடந்து புறப்படுவர். சற்றுத் தொலைவிலேயே சந்தை. அங்குச் சாதிக்காயும் கிராம்பும் மணக்கும். அந்நாட்டின் கொடியிலேயே சாதிக்காய் இடம்பெற்றுள்ளது! 2004ஆம் ஆண்டு வீசிய ஐவன் புயலில் சாதிக்காய் மரங்களுள் பெரும்பாலானவை அழிந்தன. நட்டுப் பல ஆண்டுகள் கழித்தே காய்க்கும் மரம் அது. விற்பவரிடம் நின்று இரண்டு சொல் பேசினால் அப்புயலின் கதையைக் கேட்கலாம். பேருந்தின் சன்னல் வழியே பார்த்துச் செல்வோர்க்கு அது கிட்டாது.

சந்தைக்கு அப்பால், 1894இல் குன்றைக் குடைந்து அமைத்த செண்டால் சுரங்கவழி உள்ளது. வண்டிகளும் மக்களும் அக்குறுகிய வழியிலேயே செல்வதால், சுவரையொட்டி நடத்தல் நன்று. வெளியே வந்தால், குதிரைலாடம் போல் வளைந்த பழைய துறை தோன்றும்.

தனித்துச் செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சிலபோது ஒரு மணி வேறுபடும். கப்பலார் அழைத்துச் சென்ற குழு பிந்தினால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும்; தனியே சென்றவர்க்காகக் காத்திராது. அவர் தம் செலவிலேயே அடுத்த துறைக்குச் செல்லவேண்டும். ஆதலின், பழகியவர் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருப்பர். புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னரே திரும்புவர். மாலையில் துறைமேடை வழியே மூச்சிரைக்க ஓடிவருவோரைக் கண்டு, மேல்தளத்தில் நிற்போர் கைதட்டுவதும் உண்டு.