எச்சரிக்கை எழுப்பாத பிழைகள்

துகள் பௌதிகக் கருவிகளைப் பூமியில் கட்டுவதற்கு முன்பே கணினிக்குள் கட்டிப் பார்க்கும் வசதியை, 1998 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்த ஜியான்ட்-4 மென்பொருள் விஞ்ஞானிகளுக்கு அளித்து வருகின்றது. ஆயினும், துகள் எந்த வால்யூமுக்குள், அதாவது கருவியின் எந்தப் பகுதிக்குள், இருக்கின்றது, அடுத்த எல்லை எத்தனை தூரம் என்று கணித்து அதை வழிநடத்தும் நேவிகேட்டரைக் குறித்துப் பயில்வோரிடையே சில நம்பிக்கைகள் வேரூன்றியுள்ளன. அவற்றுள் ஒன்று மிகவும் அபாயகரமானது.

எச்சரிக்கை ஏதும் வரவில்லையாதலால் வடிவமைப்பு சரியே என்பதுதான் அது. ஈயப் பலகை ஒன்றும் அதன் வலப்புறத்தில் வைத்த சிலிக்கன் தகடு ஒன்றும், எழுதியவரின் கைப்பிழையால், 0.1 மில்லிமீட்டர் ஒன்றனுள் ஒன்று புகுந்து நிற்பதாகக் கொள்வோம். ஈயத்துள் நுழைந்துவிட்ட துகளுக்காக, நேவிகேட்டர் அந்த ஈயத்தின் வெளியெல்லையையும் அதனுள் அடங்கிய பகுதிகளையும் பார்க்குமேயன்றிப் பக்கத்துச் சிலிக்கனைத் திரும்பியும் பாராது; ஆதலால் அந்த மெல்லிய பிரதேசம், இடப்புறமிருந்து வரும் துகளுக்கு ஈயமாகவும், வலப்புறமிருந்து வரும் துகளுக்குச் சிலிக்கனாகவும் ஆகிவிடுகின்றது. வரும் திசையைப் பொறுத்துத் தன்மை மாறும் இந்த விசித்திரப் பொருளை ஆயிரமாயிரம் துகள்கள் யாதொரு முறையீடுமின்றிக் கடந்து செல்லும். சக்தி இழப்பின் கணக்கு மாத்திரம் பிழைபட்டுப் போகும். படத்தில் வரைந்து பார்த்தாலும் இத்தனை சிறிய ஓவர்லேப் கண்ணுக்குப் புலனாகாது. இதனால்தான், துகள் சிக்கிக்கொண்டதென்ற செய்தி கிடைப்பதை ஒரு பாக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

அந்தச் செய்தியையோ, மென்பொருளே துகளைத் தள்ளிவிடுகின்றதே என்று சமாதானம் சொல்லி அடக்கிவிடுவோர் பலர். தள்ளுவது மெய்தான்: நீளமற்ற அடிகள் 10 தொடர்ந்து நேர்ந்தால், ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஓர் அணுவின் பருமன், நேவிகேட்டர் துகளை முன்னே தள்ளுகின்றது, 25 வரை அவ்வாறே நீடித்தால் முயற்சியைக் கைவிட்டு, அந்த நிகழ்வையே ரத்து செய்யச் சொல்கின்றது. அவ்வளவு அற்பமான தள்ளல் பௌதிகத்தைக் கெடுப்பதில்லை. அதை அவசியமாக்கிய காரணமே கெடுக்கின்றது. செய்தியிலேயே வால்யூமின் பெயரும் இடமும் அச்சாகியிருக்க, அவ்விடத்தை ஆராயாமல் வாளாவிருப்பது சரியன்று.

ஓவர்லேப் சோதனையில் தேறிவிட்டால் நிச்சயம் என்ற நம்பிக்கையும் அரைகுறையானதே. வேறு எண் குறிப்பிடாவிடில், வால்யூமை வைக்கும்போது நடக்கும் சோதனை அதன் பரப்பில் 1000 புள்ளிகளை மாத்திரம் தற்செயலாகப் பொறுக்குகின்றது. ஒரு மூலையில் ஒளிந்த சிறு ஊடுருவல் அவற்றுக்குத் தப்புவது எளிது. எண்ணை லட்சமாக உயர்த்தினால் நேரம் சற்றுக் கூடும், அதனாலென்ன?

தொட்டுக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கிடையே காற்றிடைவெளி விட வேண்டுமென்பாரும் உளர். அது தேவையில்லை, ஒரே தாய் வால்யூமுக்குள் உள்ள இரண்டு பகுதிகள் ஒரு முகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரு கட்டியிலிருந்து உருளையைக் கழித்துத் துளையிடும்போது, இரண்டின் முகங்களும் ஒரே தளத்தில் அமைந்தால் அங்கே எல்லை எதுவென்பது சந்தேகத்துக்கிடமாகும். ஆகவே உருளையைக் கட்டியின் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் நீட்டிவிட்டுப் பின்னர் கழிக்க வேண்டும்.