ஐயுறும் பிள்ளையும் நற்காட்சியும்



மும்மணிகளுள் முதலாவது நற்காட்சி. அதன் எட்டு அங்கங்களுள் முதலாவது ஐயமின்மை, ஆறாவது நிலைநிறுத்தல். முதல் அங்கத்தை நம் இல்லங்களில் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். ஆறாவதை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. "கடவுள் இல்லை" என்று சொல்லும் பிள்ளையை எவ்வாறு நடத்துவது என்பதை அறிய இவ்விரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டுச் சென்னைக்கு வந்து, மந்தைவெளியிலும் மயிலையிலும் குடியேறிய குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்துத் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் வருந்தினார். அவர் மகன் பொறியியல் மாணவன். பாட்டி நோயுற்றபோது நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டான், பாட்டி பிழைக்கவில்லை. அன்றுமுதல் ஆலயத்திற்கு வர மறுக்கிறான். தந்தையோ அவனுடன் பேசுவதையே நிறுத்திவிட்டார். இது ஒரு வீட்டின் துயரம் மட்டுமன்று.

அவன் மறுப்பது எதனை?

நாத்திகர் என்னும் சொல் வேதத்தை ஏற்காதவர் என்ற பொருளில் பண்டு வழங்கியது. அப்பொருளில் ஜைனரும் பௌத்தரும்கூட உலகாயதருடன் சேர்த்து நாத்திகராக எண்ணப்பட்டனர். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை நம் ஆசாரியர்களே மறுத்துள்ளனர். ஆறு திரவியங்களால் ஆகிய உலகம் அநாதியானது. விருப்பும் வெறுப்பும் அற்ற ஜினர் எவருக்கும் வரம் அளிப்பதில்லை. எவரையும் தண்டிப்பதும் இல்லை. வரம் விரும்பி, விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வழிபடுவதைத் தேவ மூடம் என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் விலக்கியுள்ளார்.

ஆகவே அம்மாணவன் மறுத்தது, நேர்த்திக்கு ஈடாக உயிரைக் காத்துத் தரும் ஒரு தெய்வத்தை. அத்தகைய தெய்வத்தை ஜினாகமம் கற்பிக்கவில்லை. இதனை அவனுக்கு முதலில் உணர்த்த வேண்டும். ஜினரை வணங்குவது அவர்தம் குணங்களை நாமும் அடைதற்பொருட்டே என்பதையும் விளக்க வேண்டும்.

கருத்து வேறுபாடு எங்கே தொடங்குகிறது?

இதனால் நாத்திகமும் ஜைனமும் ஒன்றே என்று முடிவு செய்தல் தவறு. உயிர் உண்டா, வினைப்பயன் உண்டா என்னும் வினாக்களில்தான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. நீலகேசி இவ்வழக்கைப் பூதவாதச் சருக்கத்தில் ஆராய்கிறது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலைச் சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் 1936-இல் பதிப்பித்தார்.

பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடிய கலவையில் மயக்கும் தன்மை பிறப்பதுபோல், பூதங்களின் கூட்டத்தில் அறிவு பிறக்கிறது என்பது பூதவாதியர் கொள்கை. அறிவற்ற பொருள்கள் எத்தனை கூடினும் அறிவு தோன்றாது. கண் கண்டதையும் செவி கேட்டதையும் ஒருங்கே உணர்வது உயிரே என்பது நம் கொள்கை. மூளை பழுதுற்றால் நினைவு குன்றுகிறதே என்று இன்றைய மாணவன் கேட்பான். வீணை பழுதுற்றால் இசை எழாது. அதனால் வீணை வாசிப்பவர் இல்லை என்றாகாது என விடை கூறலாம். இவ்வுவமையால் மட்டும் அவன் மனம் அமைதியுறும் என்று எதிர்பார்த்தல் கூடாது. அவன் மேலும் கேட்டால் நாமும் மேலும் கற்றல் வேண்டும்.

ஐயமின்மையின் பொருள்

ஐயமின்மை என்பது வினா எழுப்பாமை அன்று. ஆராய்ந்து தெளிந்தபின் அசையாமை. முதல் கணதரராகிய இந்திரபூதி கௌதமர், ஜீவனைப் பற்றிய ஐயத்துடனேயே வர்த்தமானரை அணுகினார் என்று ஆசாரியர்கள் உரைப்பர். ஐயத்துடன் வந்தவரைப் பகவான் விலக்கவில்லை.

நிலைநிறுத்தல்: ஓர் எடுத்துக்காட்டு

சென்னையில் நாத்திக விவாதம் புதியதன்று. இங்கிலாந்தின் நாத்திகத் தலைவர் பிராட்லாவின் கருத்துகளைப் போற்றிய சென்னை லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழை நடத்தினர். 1891-இல் பிராட்லாவின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்ட இந்திய மாணவருள் ஒருவர் காந்தியடிகள். இளமையில் தாம் நாத்திகத்தின் பக்கம் சாய்ந்ததை அவர் 'சத்திய சோதனை'யில் மறைக்காமல் எழுதியுள்ளார்.

அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பிய அவர், பம்பாயில் ஜைன அறிஞரும் இரத்தின வணிகருமான ராஜ்சந்திரரைச் சந்தித்தார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் பிற சமய நண்பர்களின் வாதங்களால் மனங்கலங்கியபோது, 1894-இல் அவருக்கு 27 வினாக்கள் எழுதி அனுப்பினார். ஆன்மா யாது? ஈசுவரன் யார்? உலகைப் படைத்தவர் அவர்தாமா? பாம்பு கடிக்க வந்தால் கொல்லலாமா? இவ்வாறு சென்றன வினாக்கள். தம்மினும் இரண்டே ஆண்டு இளையவரின் வினாக்கள் அனைத்திற்கும் ராஜ்சந்திரர் நிரல்பட விடை எழுதினார். காந்தியடிகள் ஜைனராக மாறவில்லை. ஆயினும் கலக்கம் தணிந்தார். தம் வாழ்வில் ஆழப் பதிந்த பெரியோருள் ஒருவராக அவரை இறுதிவரை போற்றினார்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

காட்சியிலிருந்தோ ஒழுக்கத்திலிருந்தோ தளர்பவரை அன்புடன் மீண்டும் நிறுத்துவதே நிலைநிறுத்தல். வகுப்பில் வினா எழுப்பும் மாணவனை அடக்கினால் அவன் கற்பதையே நிறுத்திவிடுவான் என்பதை ஆசிரியப் பயிற்சியில் முதற்பாடமாகக் கற்றோம். இல்லத்திற்கும் அது பொருந்தும்.

மேற்கூறிய மாணவன் இன்றும் கதிரவன் மறையுமுன் உண்கிறான். எறும்பையும் மிதிக்காமல் நடக்கிறான். அவனிடம் நல்லொழுக்கத்தின் வேர் உள்ளது. அதனைப் பாராட்டி, "எதற்காக இவ்வாறு செய்கிறாய்?" என்று கேட்டு உரையாடலைத் தொடங்கலாம். தந்தை முதலில் அவனோடு அமர்ந்து உண்ண வேண்டும் என்றே அத்தாயிடம் கூறினேன். ஆலயத்திற்கு அவன் எப்போது வருவான் என்பதை அவன் தெளிவிற்கே விட்டுவிடலாம்.

சிந்தனைக்கு

1. ஜினரை வணங்குவதன் நோக்கம் யாது?
2. படைப்போனை மறுக்கும் ஜைனர், பூதவாதியரிடமிருந்து எவ்வாறு வேறுபடுகின்றனர்?
3. உங்கள் இல்லத்துப் பிள்ளை கேட்டு, இன்னும் விடை பெறாத வினா எது? அதனை எழுதி வைத்து, குடும்பத்தாருடன் கலந்து பேசுக.