கேட்கத் தெரிந்த ஆசிரியர்

உயிர்த்த ஆண்டவர் எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர் இருவரோடு வழிநடந்ததை நாம் அறிவோம் (லூக்கா 24). போதிக்குமுன் அவர் செய்தது என்ன? அவர்கள் எதைப்பற்றி உரையாடுகிறார்கள் என்று விசாரித்தார். அவர்கள் தம் துயரத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மறைநூல் விளக்கம் அதன் பின்னரே வந்தது. கற்பிப்பவர் முதலில் கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து ஆசிரியருக்குக் கிடைக்கும் முதற்பாடம்.

நம் பிள்ளைகளின் நிலை

றக்வானைப் பகுதித் தோட்டங்களில் வளரும் பிள்ளை, லயத்துத் தமிழோடு பாடசாலைக்கு வருகிறது. கொழுந்து, கூடை, பால்வெட்டு, பிரட்டுக்களம் ஆகியவை அது அறிந்த சொற்கள். அப்பாயி சொன்ன விடுகதையும், காமன் கூத்தின் தப்போசையும் அதன் செவியில் இருக்கின்றன. பாடநூலின் தமிழோ வேறு. கடைவீதியில் கேட்பது சிங்களம். தன் வீட்டுப் பேச்சு எங்கும் மதிக்கப்படவில்லை என்று கண்டால், பிள்ளை வகுப்பில் வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளைக்கு எழுத்தும் எளிதில் வராது.

கூடலூர் காட்டிய வழி

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் உறவினர் பலர் சென்று குடியேறிய இடங்களுள் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரும் ஒன்று. அவ்வூரின் ஆதிக்குடிகள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலியோர். அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளியில் அந்நியராய் உட்கார்ந்திருந்தவர்களே. அங்குள்ள வித்யோதயா பள்ளி, அம்மக்களிடையே இருந்தே இளைஞரையும் யுவதிகளையும் தெரிந்தெடுத்து ஆசிரியப் பயிற்சி அளித்தது. முதியோரின் கதைகளும் பாடல்களும் பாடத்தில் இடம்பெற்றன. தன் மொழி அறிந்த ஆசிரியரைக் கண்ட பிள்ளைக்குப் பள்ளிமீதுள்ள அச்சம் குறையும் அல்லவா?

நம்மிடமும் இதற்கு முன்னோடி உண்டு. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆசிரியராகவும், கவிஞராகவும், 1947இல் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. படிப்பறியாதவர் என்று பிறர் எண்ணிய மக்களிடம் இலக்கியம் உண்டு என்பதை அவர் காட்டினார்.

வகுப்பில் செய்ய வேண்டியது

ஆசிரியர் ஒரு பிள்ளையை வீட்டில் கேட்ட கதையைச் சொல்லச் சொல்லட்டும். இடைமறித்துத் திருத்த வேண்டாம். பிள்ளை சொன்னபடியே இரண்டு மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, அதையே வாசிக்கச் செய்யட்டும். தன் சொல் எழுத்தாவதைப் பிள்ளை காணும். அதன் பின் லயத்துச் சொல்லின் அருகில் பாடநூற் சொல்லையும் எழுதலாம். ஒன்றை அழித்து மற்றதை எழுதலாகாது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். இவ்வாறு சேரும் கதைகளை ஒரு கொப்பியில் தொகுத்தால், அது வகுப்பின் வாசிப்பு நூலாகிவிடும்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று வரும் நம் இளம் ஆசிரியரும், ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியரும் இம்முறையைக் கையாளலாம். விதைப்பவன், புளிப்பு மாவு, வலை எனக் கேட்போரின் தொழிலிலிருந்தே உவமை எடுத்தவர் அன்றோ நம் போதகர்?

பெற்றோரின் கடமை

பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றிய அறிக்கையில் போதித்தது. கையெழுத்துப் போடத் தெரியாத தாயும் கதை சொல்வாள். மலையிலிருந்து களைத்து வந்த பின்னும், செபமாலை முடிந்ததும் பத்து நிமிடம் போதும். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அந்நேரம் மூடி வைப்போம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டு முதியோர் அறிந்த கதைகளில் எத்தனை நம் பிள்ளைகளுக்குத் தெரியும்?

2. லயத்துப் பேச்சுக்காகப் பிள்ளையை நாமே கேலி செய்கிறோமா?

3. இவ்வாரம் எந்தக் கதையைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி ஆசிரியரிடம் அனுப்புவோம்?