பேறுகாலத்துத் தாய்க்கு உணவும் வலிமையும்

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளிய இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் திருப்பெயர் வந்த வரலாற்றை எமது கல்லூரி மாணவர் நன்கறிவர். நிறைசூலியான மகளின் பேற்றுக்கு வேண்டுவனவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. இக்கரையில் மகள் நோவெடுத்துத் தனித்திருந்தாள். அவ்வேளை இறைவனே அத்தாயின் வடிவங்கொண்டு வந்து, அருகிருந்து பேறு பார்த்தான் என்பது தலபுராணச் செய்தி.

கண்டிச் சீமையில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதையன்று. கலகா, தெல்தோட்டை, மடுல்கலை முதலாய மலைத்தோட்டங்களில் நோவெடுத்த பெண்ணொருத்தி, மழையையும் மண்சரிவையும் வளைந்து வளைந்திறங்கும் பாதையையும் கடந்தே மருத்துவமனையை அடைதல் வேண்டும். அவ்வழிப்பயணத்தில் அவள் வயிற்றில் என்ன இருக்கின்றது என்று எத்துணைப்பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தமிழாசிரியருக்கு மருத்துவத்தில் என்ன தொழில் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கலாம். எம் தொழிலிலிருந்தே தொடங்குவாம். ‘வலி’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருளுண்டு. ஒன்று நோவு, மற்றொன்று வலிமை. பேறுகால வலியை நோவென்று மட்டும் கண்டு இரங்குகின்றோம். அது பேருழைப்பு என்பதை மறந்துவிடுகின்றோம். உழைப்பவருக்கு உணவு வேண்டும் என்பது கழனியிலும் கொழுந்து மலையிலும் யாவரும் ஒப்பிய உண்மை.

உழைப்பின் அளவு

கருப்பை ஒரு தசைப்பை. அது சுருங்கி விரிந்தே குழந்தையை வெளியேற்றுகின்றது. அத்தசைக்கு வேண்டிய முதன்மையான எரிபொருள் இரத்தத்திலுள்ள குளுக்கோசு. உண்ட மாப்பொருளின் மிகுதியை ஈரல் கிளைக்கோசனாகச் சேமித்து வைத்துத் தேவையானபோது குளுக்கோசாக மாற்றித் தருகின்றது. எனினும் அக்களஞ்சியம் சிறியது. கருவுற்ற பெண்ணோ தன் குருதியிலிருந்து சிசுவுக்கும் பங்கு கொடுப்பவள். ஆதலின் மற்றையோரினும் விரைவில் அவளுக்குக் குளுக்கோசு குறைகின்றது. பின்னர் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீற்றோன் என்னும் பொருள்கள் குருதியிற் பெருகும்.

இவ்வுழைப்பு நெடுநேரம் நீடிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, கருப்பைவாய் 5 சென்ரிமீற்றர் விரிந்தபின்னர், முழுதும் விரிவதற்குத் தலைப்பிரசவத்தில் 12 மணிநேரம் வரையும், அடுத்த பிரசவங்களில் 10 மணிநேரம் வரையும் செல்லலாம். அதன்பின் முக்கிப் பெறும் கட்டம் தலைப்பிரசவத்தில் 3 மணிநேரம் வரை நீளலாம். இவற்றுக்கு முன்னர் விட்டுவிட்டு வரும் நோவு இரவும் பகலுமாய்த் தொடர்தலும் உண்டு. நெடுந்தூரம் ஓடுபவனுக்கு வழியில் நீர் கொடுக்கின்றோம். தாய்க்கு மட்டும் ஏன் மறுத்தோம்?

தடை பிறந்த வரலாறு

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. 1946ஆம் ஆண்டில் கேட்டிசு மெண்டல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1932 முதல் 1945 வரை நியூயோர்க் நகர மருத்துவமனையொன்றில் நிகழ்ந்த 44,016 பேறுகளை ஆராய்ந்த அவர், மயக்கமருந்து பெற்ற தாய்மாருள் 66 பேருக்கு இரைப்பையிலுள்ளவை மேலெழுந்து சுவாசப்பையுட் புகுந்தமையைக் கண்டார். அவருள் இருவர் உண்ட உணவு மூச்சை அடைத்தமையால் இறந்தனர். அக்காலத்தில் முகமூடி வழியே மயக்கமருந்தைச் செலுத்துவது பெருவழக்கு. நோவின்போது இரைப்பை மெதுவாகவே வெறுமையாகும். பெத்தடின் போன்ற நோவகற்றும் மருந்து கொடுத்தால் இன்னும் மெதுவாகும். ஆகவே பேறுகாலத்தில் வாய்வழி எதுவும் கொடுத்தலாகாது என்ற விதி உலகெங்கும் பரவிற்று.

அவ்விதி அன்று பல உயிர்களைக் காக்கவே எழுந்தது. ஆயினும் மயக்கமருந்துக்கலை வளர்ந்தது. முதுகுத்தண்டின் அருகே ஊசியேற்றி இடுப்பின் கீழ் மட்டும் மரக்கச் செய்யும் முறை பெருகியது. காரணம் தேய்ந்தபின்னரும் விதி நிலைத்து நின்றது.

மாறிய கருத்து

1996இல் உலக சுகாதார நிறுவனம், இயல்பான பேற்றில் தாய் உண்ணவும் பருகவும் விரும்பின் அதில் தலையிடலாகாது என்று அறிவுறுத்தியது. 2013இல் 3,130 தாய்மாரை உள்ளடக்கிய 5 ஆய்வுகள் ஒருங்கு நோக்கப்பட்டன. இடர் குறைந்த தாய்மாருக்கு உணவைத் தடுப்பதால் நன்மையுமில்லை, தீமையுமில்லை என்று காணப்பட்டது. 2017இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வில், தடை தளர்ந்த தாய்மாருக்குப் பேறுகாலம் சராசரி 16 நிமிடம் குறைந்திருந்தது. 2018இன் நெறிமுறையும் இடர் குறைந்தோர்க்கு உணவையும் நீரையும் பரிந்துரைத்தது.

இங்கே மிகைபடக் கூறுதல் தகாது. 2009இல் இலண்டனில் 2,426 தாய்மாரிடையே நடந்த ஆய்வில், இலேசான உணவு உண்டோர்க்கும் நீர் மட்டும் பருகினோர்க்கும் இயல்பாய்ப் பெற்றவர் தொகையில் வேறுபாடு இல்லை. உணவு மந்திரமன்று, அது பேற்றை எளிதாக்கிவிடும் என்று யாம் உறுதி கூறவில்லை. தடையால் தாய் அடையும் பசியும் தாகமும் பயனற்றவை என்பதே இவற்றால் அறியத்தகும் உண்மை. பயனற்ற துன்பத்தை ஒருவருக்குக் கொடுத்தல் அறமாகுமா?

யாம் கண்ட காட்சி

சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டு மருத்துவமனை ஒன்றின் வாயிலில் யாம் காத்திருந்தபோது, தோட்டத்து லொறியிலிருந்து இளம்பெண்ணொருத்தியை இறக்கினர். விடியலில் நோவு தொடங்கியது. வந்து சேர்ந்தபோதோ பொழுது சாய்ந்துவிட்டது. உதடு வறண்டு, நிற்கமாட்டாமல் சுவரைப் பற்றினாள். மாமியார் பெருமையுடன், “நேத்து ராத்திரியிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட குடுக்கலீங்க மிஸ்” என்றார். அவர் கையிலிருந்த பிளாஸ்கில் தேநீர் நிறைந்திருந்தது! பேறு முடிந்தபின் கொடுப்பதற்காம். சிங்களத் தாதி பழகிய தமிழில், “யார் அப்படிச் சொன்னது அம்மா? முதல்ல பார்ப்போம், டொக்டர் வேண்டாம் என்று சொன்னால்தான் வேண்டாம்” என்று உள்ளே அழைத்துச் சென்றார். சிறிது நேரத்தில் வெளியே வந்து அந்தப் பிளாஸ்கை வாங்கிச் சென்றார்.

மாமியார் அன்பில்லாதவரல்லர். எங்கோ என்றோ கேட்ட விதியை வேதமாகக் கொண்டவர். வளைகாப்புக்குப் பலவகைச் சோறு ஆக்குகின்றோம். பிள்ளைபெற்றபின் பத்தியக்கறியும் சரக்கும் அரைக்கின்றோம். இடைப்பட்ட அந்த ஒரு நாளே நம் கருத்துக்குத் தப்பிவிட்டது.

எதை, எப்படிக் கொடுப்பது

நோவு தொடங்கி வீட்டிலிருக்கும்போதே சிறிது சிறிதாக உண்ணச் செய்தல் நன்று. நீர்த்த கஞ்சி, பாண்துண்டு, மாரி பிஸ்கட், வாழைப்பழம் என்பன எளிதிற் செரிப்பவை. சீனியிட்ட தேநீர், மல்லித்தண்ணீர், செவ்விளநீர் என்பவற்றை மிடறு மிடறாய்ப் பருகலாம். எண்ணெயிற் பொரித்தனவும், இறைச்சியும், தேங்காய்ப்பால் மிகுந்தனவும் ஆகா. குடம் குடமாய் நீர் குடிப்பித்தலும் தவறு; குருதியிலுள்ள உப்பு நீர்த்துப்போகும். நோவு முற்றியபோது பலருக்கு உணவில் மனஞ்செல்லாது, வாந்தியும் வரலாம். அப்போது வற்புறுத்தலாகாது. தாயின் விருப்பமே அளவுகோல்.

சிலருக்கு இவ்விதி பொருந்தாது. சத்திரசிகிச்சை குறிக்கப்பட்டோர், முன்னர் சத்திரசிகிச்சையால் பெற்றோர், இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக்கரு முதலியன உடையோர் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும். நீரிழிவு உடையோர் இனிப்புப் பானத்துக்கு முன் கேட்டறிதல் வேண்டும். யாவராயினும் மருத்துவமனையை அடைந்ததும், இறுதியாக எதை, எந்நேரம் உண்டோம் என்பதை மறையாது கூறுதல் கடமை.

இன்னுமொன்று. அன்றைய நாளின் வலிமை அன்றே விளைவதன்று. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 85, அடுத்த மூன்றில் 285, இறுதி மூன்றில் 475 கலோரி மேலதிகமாக வேண்டும் என்பது உலக நிறுவனங்கள் 2004இல் வகுத்த கணக்கு. இலங்கையில் 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோசா தாய்க்கும் கொடுக்கப்படுவது. வீட்டார் யாவரும் பகிர்ந்துண்டால் அவளுக்குரியது குறையும். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். ஆதலின் சோற்றுடனும் இரும்புச்சத்து மாத்திரையுடனும் அதனைக் குடிக்கலாகாது. தேயிலை மண்ணில் வாழும் நாம் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டும்.

முடிவுரை

1930களின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அத்தொகை இன்று சில பத்துக்களாகச் சுருங்கியமை, வீடுவீடாய் மலையேறிய மருத்துவமாதர்க்கும், மருத்துவமனைகளுக்கும், எழுத்தறிந்த பெண்களுக்கும் உரிய பெருமை. எஞ்சியிருக்கும் சிறு துன்பங்களைக் களைவது நம் பணி.

இக்கல்லூரியின் பழைய மாணவருள் மருத்துவரும், தோட்ட உத்தியோகத்தரும், ஆசிரியரும் பலருளர். அவர்கள் தத்தம் ஊரில் ஒரு குடும்பத்துக்கேனும் இதனை எடுத்துரைப்பாராக. மாணவர்களே, நாளை நீவிரும் தந்தையராவீர். இறைவன் தாயாகி வந்து அருகிருந்தான் என்று பாடம் படித்த நாம், நோவெடுத்தவள் அருகே ஒரு கோப்பைத் தேநீருடன் இருக்கக் கற்றுக்கொள்வோமாக.