வரிப் பணத்தை முதலில் கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. கிளை நூலகத்துக்காக நிதி கேட்டு நீ எழுதி அனுப்பிய விண்ணப்பம் வந்தது. பெரியம்மாவும் படித்தாள். உன் தாத்தாவுக்குப் பிறகு நம் வீட்டில் இவ்வளவு கோர்வையாக எழுத உனக்குத்தான் வருகிறது. நீ வாசகர் வட்டத்தின் பொறுப்பை எடுத்துக்கொண்டதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. ஆனால் நேற்று உன் அப்பா போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விண்ணப்பம். நீ புத்தகத்தின் பெருமையை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பணம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது தெரியும். நூலகரிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை புத்தகம் வெளியே போகிறது, பெண்கள் எத்தனை பேர், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இடமில்லாமல் திரும்பிப் போகிறார்கள் என்று எழுது. பொறியாளர் கையெழுத்துப் போட்ட மதிப்பீட்டைச் சேர். "சுமார்" என்ற சொல்லை எல்லாத் தொகையின் முன்னாலும் போட்டிருக்கிறாய், எடுத்துவிடு. கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சுகிற தொனியும் வேண்டாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொது நூலகம் அமைப்பதும் ஒரு பணியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் கம்பெனி, மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிப்பட்ட பணிகளுக்குச் செலவிட்டே ஆகவேண்டும். நீ போய்க் கேட்பது பிச்சை இல்லை.

இனி உன் கணக்கில் விடுபட்டது. அதில் கட்டடம் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, கணினி பத்து இருக்கிறது. மூன்றாவது வருஷம் மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள்? கணினி பழுதானால் யார் பார்ப்பார்கள்? மாலையில் திறந்து வைக்க ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஆண்ட்ரூ கார்னகி உலகம் முழுக்க 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குக் கட்டடப் பணம் கொடுத்தார். அவ்வளவு பெரிய செல்வந்தர் ஊர்களிடம் வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? இடம் நீங்கள் தரவேண்டும், நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருஷந்தோறும் உங்கள் வரிப் பணத்திலிருந்து நூலகத்துக்கு ஒதுக்கவேண்டும். ஊர் தன் பங்கைப் போடாவிட்டால் கட்டடம் நிற்காது என்று கொடுத்தவருக்கே தெரிந்திருந்தது.

நமக்கு அந்த ஏற்பாட்டைச் சட்டமாகவே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் விடாமல் வற்புறுத்தி, 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இப்போது சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. நீயும் கட்டுகிறாய், உன் அப்பாவும் கட்டுகிறான், மூலைக்கடைப் பூக்காரம்மாவும் கட்டுகிறாள். உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் கிளை நூலகராக இருந்த ஓர் ஊரில் அந்த வரியை ஜனங்களிடம் தவறாமல் வாங்கினார்கள், ஆணைக்குழுவுக்குக் கட்டவில்லை. கேட்டால் வேறு அவசரச் செலவு என்றார்கள். நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. வார இதழ்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். பிறகு பைண்டிங் நின்றது. அதே வருஷம் ஒரு பெரிய மனிதர் தன் தகப்பனார் பெயரில் வாசிப்பு அறை கட்டிக் கொடுத்தார், மேளதாளத்தோடு திறந்தார்கள். ஆள் போடப் பணமில்லாமல் அது பூட்டிக் கிடந்தது. "எப்ப சார் திறப்பீங்க?" என்று வந்து நின்ற பிள்ளைகளுக்குப் பதில் சொன்னவன் நான். கொடுத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஜனங்கள் கொடுத்த பணத்தை வைத்துக்கொண்டே, நூலகத்தைத் தர்மத்துக்குக் கையேந்த விட்டார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை பாப்பா.

ஆகவே ஒன்று செய். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு ஒரு மனுப் போடு. கடந்த ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று ஆண்டுவாரியாகக் கேள். 30 நாளில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலோடு வாசகர் வட்டத்தார் எல்லோரும் சேர்ந்து ஆணையரைப் பாருங்கள், கவுன்சிலரைப் பாருங்கள். பணம் ஊரிலேயே இருக்கலாம்.

வாசலில் தங்கள் பெயரைப் பெரிதாக வைக்கவேண்டும் என்று கேட்கும் அந்தக் கம்பெனியின் பணத்தை ஏற்பதா, இந்த வழியில் போவதா என்பது உன் முடிவு. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மூன்று தலைமுறை வரி கட்டிய ஊரின் நூலகத்துக்கு வேறொருவர் பெயர் வைப்பதை உன் தாத்தா இருந்தால் ஒப்பியிருப்பாரா என்று மட்டும் யோசி.

இப்போது உன் அப்பா சொன்னது. நன்கொடை நோட்டீஸில் உன் சொந்த ஜிபே எண்ணைப் போட்டிருக்கிறாயாம். உடனே எடுத்துவிடு. உன் நேர்மை எனக்குத் தெரியும், ஊருக்கும் அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கொடுப்பவர்கள் ஆயிரம் ரூபாயை நூலகத்திலேயே கட்டிப் புரவலராகட்டும், கையோடு ரசீது வாங்கிக்கொள்ளட்டும். இன்னொன்று, ஒப்பந்தக்காரருக்கு முன்பணமாக உன் வளையலை அடகு வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். நிதி வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்றாயாம். நிதி ஒப்புதலாகி, முதல் தவணை வந்து, பயன்பாட்டுச் சான்று கொடுத்து, அடுத்த தவணை வருவதற்குள் வட்டி எங்கே போய் நிற்கும்? உன் சித்தப்பா பள்ளிக்கூடச் சுவருக்காக இதையே செய்தது உனக்குத் தெரியும். மேலத்தெரு வீடு எப்படிப் போனது என்றும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரியப்பா பேச்சைத் தட்டாதே.

அதிகம் சொல்லிவிட்டேனோ என்று பெரியம்மா முறைக்கிறாள். நீ கெட்டிக்காரி, உனக்குத் தெரியாததை நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்! நீ எப்படிச் செய்தாலும் நன்றாகத்தான் செய்வாய். எங்கள் இரண்டு பேர் பெயரிலும் புரவலர் தொகையை அடுத்த வாரம் நானே வந்து கட்டுகிறேன். மனுவை எழுதி வை, சேர்ந்து படித்துப் பார்ப்போம். பெரியம்மா உனக்கென்று அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறாள், உன் அப்பாவுக்குக் கொடுக்காமல் நீயே சாப்பிடு. இரவில் ஸ்கூட்டரில் தனியாக அலையாதே, வேளைக்குச் சாப்பிடு கண்ணு.

என்றும் அன்புடன்,
பெரியப்பா