பழங்காசும் அதன் பேழையும்

நாணயங்களைத் தொகுத்து ஆராய்வோர் காசின் முகப்பையும் பின்புறத்தையும் கற்பதோடு அமையார். அக்காசு எவ்வழியாகக் கைமாறித் தம்மிடம் வந்தது என்பதையும் கற்க விழைவர். உருவமும் ஆண்டும் எடையும் காசினிடத்தே உள்ளன. வந்த வழியோ காசின்மேற் பொறிக்கப்படுவதன்று. அஃது உறையின்மேலோ, உடன்வைத்த சீட்டின்மேலோ, விற்ற வணிகர் அமைத்த பேழையின்மேலோ எழுதப்பட்டிருக்கும். அப்பேழையைக் களைந்துவிட்டாற் காசு குன்றாது. ஆயினும் அதனைப் பற்றிய சாட்சி போய்விடும். பேழையைக் காப்பதா, காசைத் தனியே எடுத்துத் தரம் அறிவதா என்னும் இவ்வழக்கு அமெரிக்க வெள்ளி டாலர்களைப் பற்றி விரிவாக ஆராயப்பட்டுள்ளமையின், அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

ஜார்ஜ் மார்கன் என்பார் வரைந்த உருவங்களோடு 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921 லும் அச்சிடப்பட்ட டாலர் 26.73 கிராம் எடையுள்ளது. அதிற் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. மக்கள் வேண்டியதனால் அது பெருகிற்றென்று எண்ணற்க. மாதந்தோறும் இருபது இலட்சம் டாலருக்குக் குறையாமல் வெள்ளி வாங்கிக் காசாக்க வேண்டுமென்று 1878 இல் அந்நாட்டுச் சட்டமன்றம் விதித்தமையே காரணம். சுமந்து திரிய விரும்புவார் இன்மையின், ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளிற் கட்டப்பட்டுக் கோடிக்கணக்கான காசுகள் கருவூலத்தின் நிலவறைகளில் உறங்கின.

அவ்வுறக்கம் கலைந்த வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. முதல் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குத் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, 1918 இல் இயற்றப்பட்ட பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கு மேற்பட்ட டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 25 கோடியே 90 இலட்சம் டாலர்களின் வெள்ளி, இந்தியாவின் பொருட்டு ஆங்கில அரசாங்கத்தினர்க்கு விற்கப்பட்டது. நம் பாட்டனார் மடியில் முடிந்து வைத்திருந்த ரூபாயில் நெவாடா மலையின் வெள்ளி கலந்திருந்திருக்கலாம் என்பதை எண்ணுங்கால் வியப்புத் தோன்றுகின்றது. எந்த ஆண்டுக் காசு எத்தனை உருகியது என்பதற்குக் கணக்கு வைக்கப்படவில்லை. அதனாற்றான் இன்று எஞ்சியுள்ளவை எங்கிருந்து வந்தன என்னும் வினாவிற்கு இத்துணை மதிப்பு உண்டாயிற்று.

எஞ்சியவற்றுட் சிறந்த ஒரு தொகுதி கார்சன் ஸிட்டி நாணயசாலையினது. காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கத்தின் அருகே 1870 முதல் 1893 வரை, இடையிற் சில ஆண்டு நீங்கலாக, அச்சாலை காசு அச்சிட்டது. 1964 இல் மக்கள் கருவூலத்தின் வாயிலில் நெருக்கியடித்து டாலர்களை வாங்கத் தொடங்கவே, அவ்வாண்டு மார்ச்சு மாதம் விநியோகம் நிறுத்தப்பட்டது. அப்பொழுது எஞ்சி நின்றவை ஏறத்தாழ 29 இலட்சம்; அவற்றுட் பெரும்பாலன கார்சன் ஸிட்டிக் காசுகளே. அரசாங்கத்தின் பொதுப்பணி நிர்வாகம் 1972 க்கும் 1974 க்கும் இடையிலும், பின்னர் 1980 லும் அவற்றை அஞ்சல் வழியே மக்களுக்கு விற்றது. புழக்கத்திற்குச் செல்லாத நற்காசு ஒவ்வொன்றையும் கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் பேழையில் இட்டு மூடி, அதன்மேல் கார்சன் ஸிட்டி என்னும் பெயரையும் பொறித்து அனுப்பினர். 1884 ஆம் ஆண்டில் அங்கு அச்சிட்டவை 11,36,000. அவற்றுள் 9,62,638 காசுகள் இவ்விற்பனையில் வெளிவந்தன. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் கையிலும் படாமற் கிடந்தனவென்பதற்கு அப்பேழையே சான்று.

அரசாங்கம் செய்ததை வணிகரும் செய்தனர். லவேர் ரெட்பீல்டு என்பவர் நெவாடாவிலுள்ள ரீனோ நகரத்துச் செல்வர். வங்கிகளிடத்தும் அரசாங்கத்தினிடத்தும் நம்பிக்கையற்றவர். அவர் வெள்ளி டாலர்களை மூட்டை மூட்டையாக வாங்கித் தம் வீட்டு நிலவறையிற் பதுக்கினார். வரி ஏய்த்த குற்றத்திற்காக 1960 இல் தண்டனையும் பெற்றார். 1974 இல் அவர் இறந்த பின்னர், நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட டாலர்கள் அவர் சேமிப்பில் இருந்தமை தெரிய வந்தது. 1976 ஜனவரியில் நீதிமன்றத்தின் முன்னர் நடந்த ஏலத்தில் ஏ-மார்க் என்னும் நிறுவனத்தார் 73 இலட்சம் டாலர் கொடுத்து அத்தொகுதி முழுவதையும் வாங்கினர். அதில் ஒரு பெரும்பகுதியைப் பாரமௌண்டு என்னும் நாணய வணிக நிறுவனம் பெற்று, தனித்தனிப் பிளாஸ்டிக் பேழைகளில் இட்டு, ரெட்பீல்டின் பெயரையும் தான் கருதிய தரத்தையும் குறித்து விற்றது.

அத்தரக் குறிப்பை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். காசின் தரத்தை 1 முதல் 70 வரையுள்ள எண்களாற் குறிக்கும் முறை, வில்லியம் ஷெல்டன் என்பார் 1949 இல் பழைய செப்புக் காசுகளின் விலையைக் கணிப்பதற்காக வகுத்தது. புழக்கத்திற்கு வாராக் காசுகளுக்கு 60 முதல் 70 வரை இடம். பாரமௌண்டார் பயன்படுத்தியவை 60, 65 என்னும் இரண்டு படிகளே. அமெரிக்க நாணயவியற் சங்கத்தார் எல்லாக் காசுகளுக்கும் உரிய தர இலக்கணத்தை நூலாக வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டாகிய 1977 இல். இன்றோ 60 க்கும் 70 க்கும் இடையில் உள்ள எல்லாப் படிகளும், ஆகப் பதினொன்று, வழக்கில் உள்ளன. ஆகவே 65 என்று பழைய பேழையில் எழுதப்பட்ட காசு இன்று 63 என மதிக்கப்படலாம். 60 என்று எழுதப்பட்டது அதனினும் மேலாக மதிக்கப்படுதலும் உண்டு. இதனைக் கண்டு பழையோர் அறியாதவர் என்பது நேர்மையன்று. அவர்கள் கையில் இருந்த அளவுகோல் வேறு. 1976 இல் ஒரு தேர்ந்த வணிகர் கண்ணுக்கு நற்காசு எப்படித் தோன்றிற்று என்பதை அறிய, அப்பேழையும் அதனுள் உள்ள காசும் ஒருங்கே இருத்தல் வேண்டும். பிரித்தபின் இரண்டும் ஊமையாகிவிடும்.

பிரிக்கும் வழக்கம் எங்ஙனம் வந்தது? 1986 இலும் 1987 இலும் பி.ஸி.ஜி.எஸ்., என்.ஜி.ஸி. என்னும் இரு நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. இவை காசை ஆராய்ந்து, மெய்க்காசுதான் என்று உறுதி கூறி, தரம் இட்டு, தம்முடைய பேழையில் அடைத்து முத்திரையிடுவன. அவற்றின் சான்று பெற்ற காசு எளிதில் விலைபோயிற்று. எனவே உடைமையாளர் பலர் பழைய பேழைகளை நெம்பி உடைத்துக் காசை எடுத்து அனுப்பினர். உடைக்குங்கால் விரல் படுதலும், பிளாஸ்டிக்கின் விளிம்பு உராய்ந்து கீறுதலும் நேர்வதுண்டு. அதனினும் பெரிய கேடு, ரெட்பீல்டின் காசு ஏனைய காசுகளோடு கலந்து அடையாளம் அழிதலே. ஒரே ஆண்டில் ஒரே சாலையில் அச்சான இரண்டு டாலர்களைப் பக்கத்திற் பக்கம் வைத்தால், எது ரெட்பீல்டின் நிலவறையிலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

இதற்குக் கண்ட பரிகாரம், பேழையைத் திறவாமலே சான்றளித்தல். பொதுப்பணி நிர்வாகத்தின் பேழையோடு வரும் காசை என்.ஜி.ஸி. நிறுவனத்தார் அவ்வாறே ஆராய்ந்து, தரமும் எண்ணும் பொறித்த சீட்டைப் பேழையின்மேற் பொருத்தி, கிழிக்காமல் திறக்க இயலாதவாறு பட்டையிட்டுத் தருகின்றனர். பாரமௌண்டு பேழையிலுள்ள ரெட்பீல்டு டாலர்களுக்கும் பழைய பேழையோடே சான்றளிக்கும் முறை ஏற்பட்டுள்ளது. முன்னைய மதிப்பும் இன்றைய மதிப்பும் ஒரே பொருளின்மேல் அருகருகே நிற்கின்றன.

வெறும் பேழையே சான்றாகாதோ எனின், ஆகாது. இரு பகுதிகளாகச் செய்து பொருத்தப்பட்ட பேழையைச் சேதமின்றித் திறக்க வல்லார் உளர். காசற்ற வெறும் பேழைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. மேலான காசை எடுத்துக்கொண்டு தாழ்ந்ததை உள்ளே வைத்து மூடிவிட்டால், வாங்குபவன் ஏமாறுவான். ஆதலின் பேழையின் பொருத்துவாய் குலைந்துளதா, பிளாஸ்டிக்கும் எழுத்தும் அக்காலத்தனவா, உள்ளிருக்கும் காசு அத்தொகுதியில் இருந்திருக்கத் தக்கதா என்று தேர்ந்தவர் ஒருவர் பார்த்தல் இன்றியமையாதது. பட்டை கிழிந்ததாயின், அச்சான்று அன்றோடு முடிந்ததென்க.

இம்முறையிலும் குறையுண்டு. பிளாஸ்டிக்கின் ஊடே பார்ப்பவர்க்குக் காசின் விளிம்பு நன்கு புலப்படாது. காசைத் தனியே நிறுத்து எடை காணவும் இயலாது. பேழையின்மேல் உள்ள கீறல் காசின் கீறலோ என்று மயங்கவும் கூடும். ஒளியைப் பல பக்கமாகத் திருப்பிப் பார்த்து, கீறல் காசோடு நிற்கின்றதா, பேழையின் மேற்பரப்பில் நிற்கின்றதா என்று பிரித்தறிவர். ஐயம் தீராவிடின் தரம் கூறாது திருப்பிவிடுதலே முறை.

இனி, எல்லாப் பழைய உறையும் காக்கத் தக்கதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். வளையும் தன்மையுடைய மெல்லிய உறைகள் பல பாலிவினைல் குளோரைட் என்னும் பொருளாற் செய்யப்பட்டவை. அதனை இளக்குவதற்குச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் வெளியே கசிந்து காசின்மேற் படியும். அப்பிளாஸ்டிக் சிதையுங்கால் தோன்றும் அமிலம் செம்போடு கூடிப் பச்சைநிறப் பிசுபிசுப்பை உண்டாக்கி உலோகத்தை அரிக்கும். அத்தகைய உறையை மரபு கருதி வைத்திருத்தல், நோயுற்ற பல்லைப் பாட்டனார் பல் என்று பேணுதல் போலாம். காசை உடனே எடுத்துத் தூய அஸிட்டோனில் தோய்த்து, தேய்க்காமல் உலரவிட வேண்டும். அஸிட்டோன் வெள்ளியை ஒன்றும் செய்யாது. ஆனால் அக்ரிலிக், பாலிஸ்டைரின் முதலிய கெட்டிப் பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். ஆகவே நற்பேழையின் அருகே அதனைக் கொணர்தல் ஆகாது.

கெட்டியான பேழையும் காற்றை முற்றும் தடுப்பதன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கை மெல்லப் புகுந்து வெள்ளியின்மேல் வெள்ளி ஸல்பைட் என்னும் மென்படலத்தை உண்டாக்கும். படலம் தடிக்குந்தோறும் பொன்னிறம், செந்நிறம், நீலம் என நிறம் மாறி இறுதியிற் கருக்கும். இந்நிறங்களை அழுக்கென்று கருதி அமிலக் கலவையில் தோய்த்து வெளுப்பவர், படலத்தோடு அச்சின் அழுத்தத்தால் உலோகத்தில் எழுந்த நுண்வரிகளையும் கரைத்துவிடுகின்றனர். காசைச் சாய்த்துத் திருப்புங்கால் சக்கரம் போல் ஒளி சுழல்வது அவ்வரிகளால். அஃது ஒருமுறை போயிற்றெனில் மீளாது.

பேழைகளை வைக்கும் இடம் வெப்பமும் ஈரமும் மாறாததாக இருத்தல் நன்று. நம்முடைய கடற்கரை ஊர்களில் ஈரத்தை உறிஞ்சும் ஸிலிகா ஜெல் பொட்டலம் வைத்து, அவ்வப்பொழுது மாற்றுதல் அவசியம். ரப்பர் வளையங்களாற் கட்டுதல் பெருந்தீங்கு. ரப்பரினின்றும் கந்தகம் எழும். கம்பளித் துணியும் அவ்வாறே. ஓக்கு மரப் பெட்டி அமில ஆவியை விடும். பேழையின் மேற்புறத்தை மெருகிட முயலாது, மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தலோடு நிறுத்துக.

பேழை விரிசல் கண்டதாயின், மூடிய நிலையிலேயே இருபுறமும் ஒளிப்படம் எடுத்து, எழுத்து, எண், விரிசலின் இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பின்னரே தேர்ந்தவரிடம் அனுப்புக. காசை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லையென்று அவர் கூறின், உடைந்த பேழையின் துண்டுகளையும் சீட்டையும் எறிந்துவிடாமல், காசுக்குரிய எண்ணையே அவற்றிற்கும் இட்டுத் தனியொரு காகித உறையிற் போட்டு வைத்தல் வேண்டும்.